இரண்டு பேர் கை வைத்த பீர்

எங்கள் பீர் கெட்டுப்போனதற்குக் காரணம் ஒரு வேப்பிலைக் கொத்து என்று இரண்டு டென்மார்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதை நிரூபிக்கக் கும்மிடிப்பூண்டிக்குப் போவதென்றும், தமிழ் பேசுவதற்கு என்னைக் கூட்டிப்போவதென்றும் அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "உன் பாஸ்போர்ட் இன்னும் செல்லும்தானே?" என்று மட்டும் கேட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. பத்தொன்பது வயதில் டென்மார்க் போனவள். அங்கே ஒரு சின்ன ஊரில், பதினொரு பேர் வேலை செய்யும் ஒரு குட்டி பீர் ஆலையில் தொட்டி கழுவுவதும் ருசி பார்ப்பதும் என் வேலை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன், விழுங்குவதில்லை. தமிழர்களிடம் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. டென்மார்க்காரர்களோ விழுங்காமல் எப்படி ருசி தெரியும் என்று கேட்பார்கள்.

ஆலையின் முதலாளி பெயர் மோகன்ஸ். பக்கத்து ஊரில் இதேபோல் ஒரு குட்டி ஆலை வைத்திருப்பவர் சோரன். இது நடந்தது 2008இல். அப்போது டென்மார்க்கில் சின்ன ஆலைக்காரர்களுக்கெல்லாம் கூட்டு பீர் என்றொரு ஜுரம் பிடித்திருந்தது. இரண்டு ஆலைக்காரர்கள் சேர்ந்து ஒரே பீரை வடிப்பார்கள். பாட்டிலில் இரண்டு பேரின் பெயரும் இருக்கும். தோளில் கை போட்டு நிற்கும் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். அந்த வகையில் நான் ருசி பார்த்தவற்றில் பாதிக்கு மேல் தனியாகவே செய்து தொலைத்திருக்கலாமே என்று நினைக்க வைத்தவை.

இவர்கள் சேர்ந்து செய்த முதல் பீரும் அப்படித்தான். மோகன்ஸுக்குக் கறுப்பாக, கனமாக இருக்க வேண்டும். சோரனுக்குப் புளிப்பு வேண்டும். ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து, கடைசியில் கறுப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல் தொட்டி கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. "நன்றாக இருக்கிறது" என்றார் மோகன்ஸ். "மிக நன்றாக" என்றார் சோரன். நான் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன்.

இரண்டாவதற்கு ஒரு புதுத் தொட்டியே வாங்கினார்கள். இரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் தொட்டி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் செய்தது. பெட்டியைப் பிரித்தபோது தொட்டியின் வாய்மூடிக் கைப்பிடியில், வெளிப்புறத்தில், மஞ்சள் நூலால் கட்டிய காய்ந்த வேப்பிலைக் கொத்து ஒன்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மோகன்ஸ் அதை அவிழ்த்து மேசை இழுப்பறையில் போட்டார். பீர் கசந்து, நாக்கை அறுத்து, ஒரு மிடறுக்கு மேல் யாராலும் குடிக்க முடியாமல் போன பிறகு அந்தக் கொத்து இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் போனது. உறையின் மேல் 'ஆதாரம்' என்று டேனிஷில் எழுதினார்.

அந்தப் பீரை வெளியே எடுத்த பிறகு தொட்டியைக் கழுவியவள் நான். அடியில் என்ன கிடந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது சித்திரை வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போய்ச் சேர்ந்தோம் என்பதே பெரிய வார்த்தை. கவரைப்பேட்டை தாண்டுமுன் எங்கள் கார் புகை விட்டு நின்றது. சாலை அகலப்படுத்தும் வேலையில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் புழுதியில் நின்றன. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வண்டி சூடாயிடுச்சு மேடம். ஆறுறதுக்கு ஒரு அவராவும். டென்சன் ஆவாதீங்க. நீங்க ஷேர் ஆட்டோல போய்க்கினே இருங்க, நான் பின்னாலயே வந்துடறேன்."

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர். மோகன்ஸ் ஆறரை அடி. மடிந்து, சுருண்டு, ஒரு காலை வெளியே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே காலிக் கூடையோடு இருந்த மீன்கார அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாமா, இவுரு நிமுந்தா ஆட்டோ கூரை பிச்சிக்கும் போலகீதே" என்றாள். மோகன்ஸ் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நல்வரவு சொல்கிறாள் என்றேன். நான்கு நாள் மொழிபெயர்ப்பில் நான் சொன்ன முதல் பொய் அது.

டென்மார்க்கில் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பை வைத்திருப்பவரிடம் 'எடுங்கள்' என்று கேட்கக்கூட மாட்டார்கள். நின்றுகொண்டே பயணம் செய்வார்கள். கேட்டால் அவருக்குச் சங்கடமாகிவிடுமாம். இங்கே ஒரு ஆள் ஏறியதும், "கொஞ்சம் நவுருபா" என்றொரு குரல் வந்தது, எல்லோரும் நகர்ந்தார்கள். இந்த வித்தியாசத்தை அன்றைக்குச் சும்மா வேடிக்கையாகத்தான் கவனித்தேன்.

லாட்ஜ்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். வாட்ச்மேனை, "நைனா, பேக் எத்து" என்று விரட்டிவிட்டு என்னிடம் திரும்பி, "இன்னா பிசினெஸ் மேடம்?" என்றார். பீர் என்றேன். பேனா அப்படியே நின்றது. "சாருங்களுக்கா?" என்றார். எனக்கும்தான் என்றேன். அதன் பிறகு மூன்று நாளும் அவர் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் சோரனிடம் பேசினார். சோரனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

சாயங்காலம் மோகன்ஸுக்கு உள்ளூர் பீரை ருசி பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்குள் கார் வந்துவிட்டிருந்தது. அரசு மதுக்கடை வாசலில் இறங்கியபோது, "நீங்க வண்டிலயே குந்துங்க மேடம், லேடீஸ் அங்க வரக்கூடாது" என்றார் டிரைவர். மூன்று பேரில் பீரைப் பற்றி ஏதாவது தெரிந்தவள் நான் ஒருத்திதான். எத்தனை வகைக் கசப்பு இருக்கிறது, எது எதிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் காருக்குள் கொசு அடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் அரைமணி நேரம் கழித்து ஆனந்தமாகத் திரும்பி வந்தார்கள். உள்ளே ஓர் ஆள் வெவ்வேறு கம்பெனி பாட்டில்கள் இரண்டிலிருந்து ஒரே கிளாஸில் ஊற்றிக் குடித்தானாம். ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்னதை டிரைவர் எனக்குச் சொன்னார்: "ரெண்டையும் கலந்துட்டா எது நல்லால்லன்னு கண்டுபுடிக்க முடியாதாம்."

இதை நான் டேனிஷில் சொன்னபோது இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தங்களைப் பற்றிச் சொன்னதாக இருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை நாஷ்டா இட்லியும் வடகறியும். சோரன் வடகறியை ஒதுக்கிவிட்டு, இட்லிக்கு வெண்ணெய் கேட்டார். கடைக்காரர் சிரிக்காமல் ஒரு கரண்டி நெய் ஊற்றினார். மோகன்ஸ் வடகறியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மதியம்வரை தண்ணீர் குடித்தார். ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. இருவரின் கழுத்தும் சிவந்துவிட்டது.

தொட்டி செய்யும் கம்பெனி தொழிற்பேட்டையின் உள்ளடங்கிய தெருவில் இருந்தது. மேனேஜர் வாசலுக்கே வந்து கைகுலுக்கினார். மோகன்ஸை "மோகன் சார்" என்றே கூப்பிட்டார். சோரனின் பெயரைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். சோறு நினைவுக்கு வந்திருக்கும். நாங்கள் உட்கார்வதற்கு முன்பே சொன்னார்:

"மேடம், சாருங்க கிட்ட சொல்லிடுங்க. உங்க மெயில் வந்த அன்னைக்கே ஆக்ஷன் எடுத்துட்டோம். அந்த டேங்க் செஞ்ச வெல்டரை வெல்டிங்ல இருந்து எடுத்தாச்சு. பன்ச்சையும் வாங்கி வெச்சிட்டோம்."

"என்ன பன்ச்?"

மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். விரல் நீள இரும்புக் கட்டை இரண்டு. ஒன்றின் முனையில் 1, இன்னொன்றில் 7. "ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் மேடம். தான் அடிச்ச ஜாயிண்ட் பக்கத்துல அவங்கவங்க நம்பரைக் குத்தணும். பன்ச் இல்லைன்னா வெல்டிங் தொட முடியாது."

விசாரிக்கவே இல்லையா என்று கேட்டேன். "மோகன் சார் சொன்னா சரியாத்தான மேடம் இருக்கும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மெயிலை மோகன்ஸ் அனுப்பியபோது நான் அதே அறையில் நின்றேன். நான்கு வரி. பீரில் இரும்பு ருசியும் தழைக் கசப்பும் இருக்கிறது, தொட்டியில் இலை இருந்தது, விளக்கம் தேவை. கோபம்கூட இல்லாத நான்கு வரிக்கு இங்கே ஒருவருடைய வேலையைப் பிடுங்கியிருக்கிறார்கள். மோகன்ஸிடம் சொன்னேன். "அடடா" என்றார். பிறகு, "கண்டிப்பான கம்பெனிதான்" என்று சோரனிடம் சொல்லித் தலையசைத்தார். சோரனும் அசைத்தார்.

அந்த வெல்டரை நானே தேடிப் போனேன். கொல்லைப்புறத்தில், தகரக் கூரையின் கீழ், வெட்டிய தகடுகளின் ஓரம் தேய்க்கும் வேலையில் இருந்தார். பெயர் காதர். நாற்பது வயதிருக்கும். பழவேற்காட்டுக்காரர், பொன்னேரி வழியாகத் தினமும் பஸ்ஸில் வருபவர்.

"தம்பி, உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன்.

"கதையா? என்கிட்ட இன்னா யக்கா கதை கீது?" என்றார். பேச வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கினேன். "சிலோனா?" என்று கேட்டு, உட்கார ஒரு மரப்பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம். தூக்கில் இருந்து மடவை மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றி, தூக்கு மூடியில் எனக்கும் வைத்தார். ஏரி மீன். நான் பிறந்த ஊரில் கடலேரியில் பிடிக்கும் மீனுக்கு இதே சேற்று மணமும் இதே இனிப்பும் உண்டு. இருபத்து நான்கு வருடம் டென்மார்க்கின் உறைந்த மீனைத் தின்றவள், அந்த மூடியை வழித்துச் சாப்பிட்டேன்.

"அப்பா துணி யாவாரம் யக்கா. அண்ணனுங்களும் அதான். எனக்கு மட்டும் இந்த நெருப்பு புடிச்சிப்போச்சு" என்றார். வேப்பிலையைப் பற்றிக் கேட்டேன். கொல்லை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அது நம்ப செட்ல மூர்த்தின்னு ஒருத்தன். ஆடி மாசம் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போய் வந்தான். எந்த டேங்கு வெளிய போனாலும் ஒரு கொத்து கட்டுவான், கண்ணு படக்கூடாதுன்னு. வெளிய ஹேண்டில்லதான் கட்டுவான், உள்ள இல்ல. நானும் வேணாம்னு சொன்னதில்ல. நம்ப வேலைக்கு நல்லது நெனைக்கிறான், அத ஏன் தடுக்கணும்?"

"அப்ப நீங்கள் கட்டேல்லையே. ஏன் சொல்லேல்ல?"

"செட்டுக்குப் பெரியவன் யாருன்னு கேட்டாங்க. நான்தானேக்கா. அவன் பேர சொன்னா அவன் போயிடுவான். தெனக்கூலி அவன்." தூக்கைக் கழுவி மூடினார். "எனக்கு வேற பேஜாரு. ஆர்கான் வெல்டிங்குக்குப் பரீட்ச வெச்சு சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்க. ஆறு மாசம் வெல்டிங் தொடலன்னா அது செத்துடும். திரும்ப மொதல்லேர்ந்து எழுதணும். இவங்க என்ன எழுத உடணும்ல? இன்னும் பன்னெண்டு நாள்தான் கீது."

பேஜாரு என்ற சொல் எனக்குப் புதிது. பொருள் கேட்கத் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை மோகன்ஸும் சோரனும் நாங்கள் முன்பே ஆர்டர் கொடுத்திருந்த இரண்டாவது தொட்டியைப் பார்வையிட்டார்கள். பாதி முடிந்து நின்றிருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள், விரலால் தடவினார்கள், படம் எடுத்தார்கள். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. அந்த வருடம் அங்கே தினமும் போகுமாம். அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் அடங்கியதும் ஆட்கள் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். ஒன்றும் செய்ய முடியாததால் மோகன்ஸ் தன் பையைத் திறந்தார். கெட்டுப்போன கூட்டு பீரில் ஆறு பாட்டிலைக் காலுறைகளில் சுற்றி டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஒன்றைத் திறந்து, மேனேஜருக்கு ஆதாரம் காட்டுவதற்காக எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். மேனேஜர் ஒரு வாய் குடித்து, முகம் சுளித்து, "ஆமா சார், இரும்புதான்" என்றார்.

காதரை நானே கூப்பிட்டு டம்ளரை நீட்டினேன். "நான் குடிக்க மாட்டேன்கா" என்றார். "நானும் குடிக்கிறதில்லை. மணந்து பாருங்கோ" என்றேன்.

மூக்கருகே வைத்தார். கண்ணை மூடினார். இரண்டு தரம் மூச்சிழுத்தார்.

"இரும்பு இல்லக்கா. இருவது வருசமா இரும்பத்தான மோந்துக்கினு கீறேன். வேப்பிலயும் இல்ல. இது இன்னாவோ பச்சத் தழ. அளவுக்கு மேல போட்டுக்கீறாங்க."

அந்த ஆள் சொன்னது அத்தனையும் சரி. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்க ஹாப்ஸ் என்று ஒரு பச்சைப் பூவைப் போடுவோம். தொட்டியில் பீர் புளித்து அடங்கியதும் மணத்துக்காகக் கடைசியாக ஒரு தரம் போட வேண்டும். பீரை எடுத்த பிறகு தொட்டியின் அடியில் அது சக்கையாகக் கிடக்கும். இந்த அளவு பீருக்கு இரண்டு வாளி சக்கை வரும். அந்தத் தடவை நான் அள்ளிக் கொட்டியது நான்கு வாளி.

தொட்டி கழுவிய அன்றே நான் கணக்குப் பண்ணிவிட்டேன். யாரோ இரண்டு தரம் போட்டிருக்கிறார்கள். சொல்லலாம் என்று மோகன்ஸின் அறைக்குப் போனேன். அவர் சோரனோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். தொட்டி கழுவுகிறவள் முதலாளிகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதா என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். அதோடு விட்டுவிட்டேன்.

கரண்ட் வரும்வரை காதர் எனக்குத் தொட்டியைச் சுற்றிக் காட்டினார். உடம்பைச் சுற்றி ஓடும் ஒரு நீண்ட ஜாயிண்ட் அருகே விரல் வைத்தார். அங்கே 9 என்று குத்தியிருந்தது. அரை முழம் தள்ளி 22.

"இது ஒரே ஜாயிண்ட்டுதான யக்கா. பாதில கரண்ட்டு போயிருக்கும், ஷிப்ட்டு மாறியிருக்கும். ஒம்பதாம் நம்பரு உட்ட எடத்துலேர்ந்து இருவத்திரெண்டு புடிச்சிக்கீறான். யாரு எதுவரிக்கும் கை வெச்சான்னு ரெண்டு பேரும் குத்திடணும். புடிக்கறவன் மொதல்ல கேப்பான், எங்க உட்ட, எவ்ளோ சூடு வெச்சன்னு. கேக்காம கை வெச்சா இங்க ஒதைதான்."

ஒதை என்று சொன்னபோது சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மோகன்ஸும் சோரனும் நிழலில் நாற்காலி போட்டு, ஒருவருக்கொருவர் முதலில் எடுத்துக்கொள்ளும்படி தர்பூசணித் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். இவரும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஈ மொய்த்தது.

புதன்கிழமை காலை மேனேஜர் அறையில் கடைசிக் கூட்டம். மேனேஜர் ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. 'என் கவனக்குறைவால் தொட்டியில் இலை கலந்து, வாடிக்கையாளரின் பானம் கெட்டது. இனி இவர்களின் தொட்டியில் நான் கை வைக்க மாட்டேன்.' கீழே காதரின் பெயர், நம்பர் 17. கையெழுத்துப் போட்டதும் விஷயம் முடிந்துவிடும் என்றார். காதர் கைகட்டிச் சுவரோரம் நின்றார். தமிழில் இருப்பதை அவருக்குப் படித்துக் காட்டச் சொல்லி மோகன்ஸ் என்னைப் பார்த்தார்.

முதல் இரண்டு சொல் வாசித்தேன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு டேனிஷில் கேட்டேன்:

"கடைசி ஹாப்ஸ் எத்தனை தரம் போட்டது?"

"ஒரு தரம்" என்றார்கள் இருவரும், ஒன்றாக.

"யார் போட்டது?"

"நான்" என்றார்கள் இருவரும், ஒன்றாக.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சோரன் காது வரைக்கும் சிவந்தார். வெயிலால் வந்த சிவப்பு இல்லை.

"நீ எனக்காக விட்டுவைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்" என்றார் மோகன்ஸ்.

"உன் ஆலை. நீ மரியாதைக்காக விருந்தாளியான எனக்கென்று விட்டுவைத்திருப்பாய் என்று நினைத்தேன்" என்றார் சோரன்.

"கேட்டிருக்கலாமே!"

"கேட்டால் உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடுமே!"

நான்கு வாளி சக்கையைப் பற்றி இப்போது சொன்னேன். டேனிஷில் ஒரு தரம், காதருக்கும் மேனேஜருக்கும் தமிழில் ஒரு தரம். முதல் பீரை மரியாதை சப்பென்று ஆக்கியது, இரண்டாவதை மரியாதை விஷமாக்கியது என்றும் சேர்த்துச் சொன்னேன். என் குரல் அந்த அறைக்கு அதிகம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் குறைக்கவில்லை. "தொட்டியில் இரண்டு நம்பர் குத்தியிருக்கிற ஜாயிண்ட் ஒழுகவில்லை. நீங்கள் படித்தவர்கள், உங்கள் பீர் நாறுகிறது" என்றேன்.

அவர்கள் தலை குனிவார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள். முதலில் சோரன், பிறகு மோகன்ஸ். தோளில் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஏன் என்று தெரியாமல் மேனேஜரும் சிரித்தார். இரண்டு நிமிடத்தில் மிச்சமிருக்கிற பீருக்கு 'இரட்டை' என்று பெயர் வைத்து, புது லேபிள் ஒட்டி விற்றுவிடலாம் என்று முடிவாகிவிட்டது. இந்தக் கதையைப் பத்திரிகைக்குச் சொன்னால் நன்றாக எடுபடும் என்றார் சோரன்.

அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஐந்தரை மாதம் தகடு தேய்த்த ஒரு மனிதர் சுவரோரம் நிற்கிறார். அவருக்கு அங்கே என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை.

"உங்கட வேலையில பிழை இல்லையாம் தம்பி" என்றேன்.

"அப்போ பன்ச்சு?" என்றார்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து இரண்டு கட்டையையும் மேசை மேல் வைத்தார். காதர் அவற்றை எடுத்து, சட்டையால் துடைத்து, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் போட்டார். மன்னிப்புக் கேளுங்கள் என்று மோகன்ஸிடம் டேனிஷில் சொன்னேன். அவர் எழுந்து காதரின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். பிறகு மனம் நெகிழ்ந்து, காலுறையிலிருந்து ஒரு பாட்டில் பீரை உருவி அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

சாயங்காலம் கிளம்புமுன் தொழிற்பேட்டை முனையில் டீ குடிக்க இறங்கினேன். ஷிப்ட் முடிந்து காதர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அந்த பாட்டிலை ஒரு செய்தித்தாளில் சுற்றி இடுக்கிக்கொண்டிருந்தார். மதியமே இரண்டாவது தொட்டியில் ஒரு ஜாயிண்ட் அடித்துவிட்டதாகச் சொன்னார். சர்ட்டிபிகேட் பிழைத்தது.

"இத நீங்களே வெச்சிக்கோங்கக்கா. ஊட்டுக்கு எட்துக்கினு போனா என்ன வெட்டிப் போட்ருவாங்க" என்று பாட்டிலை என்னிடம் கொடுத்தார். அவருக்கு நன்மை செய்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்குள் நன்றாக ஏறியிருந்தது. அவர் நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கலாமாக்கா? அடில நாலு பக்கெட்டு வந்துச்சுன்னீங்களே. அது எப்போ?"

"ஐப்பசியில. ஒக்டோபர்."

அவர் விரல் மடித்து எண்ணினார். "என் பன்ச்ச புடுங்குனது நவம்பர்ல."

நான் டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தேன்.

"எங்க செட்ல ஒரு ஜாயிண்ட்டு தப்பா போறத பாத்துக்கினு சும்மா இருந்தா, அவனும் கை வெச்ச மாதிரிதான் யக்கா. அப்போ அந்த பீர்ல மூணு பேர் கை வெச்சிக்கீறீங்க." குரலில் கோபமே இல்லை. கணக்குச் சரிபார்ப்பவர் மாதிரிக் கேட்டார்: "அவங்க ரெண்டு பேரு பேரும் பாட்டில்ல கீது. உங்க நம்பரு இன்னா?"

பொன்னேரி பஸ் வந்தது. அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு ஓடி ஏறினார். செய்தித்தாளைப் பிரித்து பாட்டிலைப் பார்த்தேன். மோகன்ஸ் பெயர் இருந்தது. சோரன் பெயர் இருந்தது. மூன்று நாளாக யார் யார் மேலோ பட்டுக்கொண்டிருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரும்பி என் மேல் வந்தது. காருக்குள்ளிருந்து மோகன்ஸ் நேரமாகிறது என்று கூப்பிட்டார். நான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.